டிரைவருக்கு நெறி கட்டியிருக்கு

போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: “மேடம், கொரோனா சமயத்துல நாங்க துறைமுக வேலைய நிறுத்தாம ஓட்டினோம். உங்க காலத்துல இந்த மாதிரி ஏதாச்சும் உண்டா?” கேட்ட தோரணையைப் பார்த்தால், எங்கள் காலத்தில் நோய் நொடியே கிடையாது, நாங்கள் பாட்டுக்குக் கப்பலுக்குக் கையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைப்பு போலிருக்கிறது. இருந்தது கண்ணா, இருந்தது. உங்களுக்காவது மாஸ்க் இருந்தது, டெஸ்ட் இருந்தது, வீட்டிலிருந்து வேலை பார்க்க கம்ப்யூட்டர் இருந்தது. எங்களுக்கு ஒரு டெலிபோனும், அதில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லும் விளக்கமும்தான். அன்றைக்குப் பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் எஸ்தர். நம் கிளியரிங் ஏஜென்சியின் ராஜபாளையம் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து, அதே கிளையின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள். மில் நூலும் பேண்டேஜ் துணியும் இங்கே லாரி ஏறி, தூத்துக்குடியில் கப்பல் ஏறும். நடுவில் நடக்கிற அத்தனை கூத்துக்கும் நாம்தான் பொறுப்பு. கடற்காற்றுகூட எட்டாத ஊரில் உட்கார்ந்து காலமெல்லாம் கப்பல் வேலை பார்த்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் வடக்கே பிளேக் என்று செய்தி வந்தது. நம் பக்கம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் பேப்பரைத் திறந்தால் எலிப் படம். இந்தியாவிலிருந்து வருகிற கப்பல் என்றாலே வெளிநாட்டில் தள்ளி நிறுத்துகிறார்கள் என்று பேச்சு. துறைமுகத்தில் கெடுபிடி ஆரம்பித்துவிட்டது. கப்பலைக் கட்டிய கயிறு வழியாக எலி ஏறாமல் இருக்கத் தகரத் தட்டு, சரக்கில் பூச்சி சாக மருந்து, லாரியில் வருகிற ஆட்களைக் கேட்டிலேயே நிறுத்திக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது. சரியான காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டை அடுக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே காற்றைத்தான் மூச்சுவிடுகிறார்கள். ஒருவனுக்கு வந்தால் அத்தனை பேருக்கும் வரும், அத்தனை பேர் வீட்டுக்கும் போகும்.

குழப்பம் எங்கே என்றால், அந்த உத்தரவு எங்கள் ஏஜென்சியின் தூத்துக்குடி மேனேஜர் வாய் வழியாக டெலிபோனில் ராஜபாளையம் வந்து சேருவதற்குள் வேறு உருவம் எடுத்துவிடும். காலையில் “டிரைவரைப் பார்த்தால் போதும்” என்பார். மத்தியானம் “லாரியில் வருகிற எல்லோரையும் பார்” என்பார். சாயங்காலம் “யார் சொன்னது அப்படி?” என்று என்னையே திருப்பிக் கேட்பார். சரக்குக்கு மருந்து போட்டிருக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். நானும் பேண்டேஜ் துணிக்காரர்களிடம் “மருந்து போட்டாச்சா?” என்று கேட்டேன். “போட்டாச்சே, போடாம எப்படி?” என்றார்கள். நிம்மதியாக இருந்தேன். அவர்கள் தொழிலில் மருந்து என்றால் துணியை வெளுக்கப் போடுகிற மருந்து என்பது இரண்டு லோடு போய்த் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. பால்ராஜ் விஷயம் அப்படி அல்ல.

பால்ராஜ் எங்கள் லாரி டிரைவர். சோழபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வாய் அதிகம் பேசாது. ராஜபாளையத்தில் மில் நூலை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் காதர் பாயின் சரக்குக் கிட்டங்கியில் பேண்டேஜ் துணிக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போக வேண்டும். மறுநாள் கப்பல். காலையில் அவர் இங்கிருந்து கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் காதர் பாய் போன் செய்தார். மனுஷன் குரலே சரியில்லை.

“எஸ்தரம்மா, ஒங்க டிரைவருக்குக் காய்ச்சல் கொதிக்கி. வண்டியிலயே படுத்துட்டாரு. தொடையிடுக்குல நெறி கட்டியிருக்காம்.”

“நெறியா?”

“ஆமாம்மா, அவரு வாயாலயே சொன்னாரு. அம்புட்டுத்தான், லோடுமேன்க கட்டக் கீழ போட்டுட்டு ஓடிட்டானுக. நான் இப்பம் என்ன செய்ய?”

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். நெறி கட்டுவது என்பது எங்கள் ஊரில் ஒரு விஷயமே இல்லை. கையில் காலில் புண் வந்தால் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெல்லிக்காய் மாதிரி வீங்கி வலிக்கும். விளையாடிவிட்டு நொண்டிக்கொண்டு வருகிற பிள்ளையிடம் “நெறி கட்டியிருக்காலே?” என்று கேட்காத தாய் கிடையாது. ஆனால் அந்த வாரம் பேப்பரில் பிளேக்கின் அடையாளம் என்று என்ன போட்டிருந்தது? காய்ச்சல், குளிர், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிக்கட்டு. அதே வார்த்தை! பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டுப் பழகிய வார்த்தை ஒரே வாரத்தில் எமன் பெயராகிவிட்டது.

மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“வேற டிரைவரை அனுப்பு எஸ்தர். அவனை அங்கேயே இறக்கி விட்டுட்டு வண்டியைக் கிளப்பு. கேட்ல எதுவும் சொல்ல வேண்டாம்.”

“சார், அவர் படுத்திருக்கிற சீட்லதான வேற டிரைவரும் உக்காரணும்? அவரு அப்படியே துறைமுகத்துக்குள்ள போவாரு?”

“அப்ப கப்பலை விட்டுடலாமா?”

“அது என்னன்னு தெரியிற வரைக்கும் வண்டி நகராது சார்.”

சொல்லிவிட்டேனே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளேக்காக இருந்தால் வண்டியை நகர்த்தக் கூடாது. இல்லை என்றால் ஒரு மனுஷன் காய்ச்சலோடு தனியாகக் கிடக்கிறான், போய்ப் பார்க்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் எதைச் செய்வது? மாற்று டிரைவரை வரச்சொல்லிவிட்டு, பால்ராஜ் மனைவிக்குத் தகவல் சொல்லச் சோழபுரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஏறினால் எனக்கு முன்னாலேயே செய்தி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். கண்டக்டர் “வில்லிபுத்தூர் எறங்குறவுக மூக்கப் பொத்திக்கிட்டு எறங்குங்க” என்கிறார். பக்கத்தில் ஒரு அம்மா, வ. புதுப்பட்டிக்குப் போகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்புட்டுப் பேரு செத்துட்டாகளாம் தாயி? நான் அங்கதான் வேற பஸ்ஸு மாறணும்” என்று அழாத குறை. முன் சீட்டில் ஒருவர் மூன்று பேர் என்றார். இன்னொருவர் ஒரு லாரி நிறைய எலி வந்து இறங்கியது என்றார். எங்கள் லாரியில் நூல்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், செத்த நேரம் நானே அதை நம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டங்கித் தெருவில் லாரி மட்டும் தனியாக நின்றது. அதைச் சுற்றி பிளீச்சிங் பவுடரால் வெள்ளையாக ஒரு வட்டம். துணிக் கட்டுகள் போட்ட இடத்திலேயே கிடந்தன. எதிர்ச் சாரியில் ஜனம் திருவிழாக் கூட்டமாக நின்றது, ஆனால் ஒருத்தர் குரலும் உயரவில்லை. காதர் பாய் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். “சுகாதார ஜீப்பு வருதுன்னாக. வந்துக்கிட்டே இருக்கு. ஆட்டோக்காரன் எவனும் ஏத்த மாட்டேங்கான். நாலு பிள்ள பெத்தவன் நான், நானும் கிட்டப் போகலம்மா. தப்பா நெனைக்காதீங்க” என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நானும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நின்றேன்.

“பால்ராஜ்! எப்படி இருக்கு?” என்று கத்தினேன்.

“குளுருதுக்கா. நெறி வலி தாங்கல. தண்ணி வேணும்.”

யாரோ ஒரு செம்பைக் கம்பு நுனியில் மாட்டி நீட்டினார்கள். பாதி தரையில் சிந்தியது. நம் ஆள், நம் வண்டி, நான் அனுப்பிய லோடு. கிட்டப் போனால் என் பிள்ளைகளுக்கு என்ன கொண்டுபோவேன் என்றும் ஒரு பக்கம் ஓடுகிறது. அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெளிவாக இல்லை, தெளிவாக இருந்ததாக இப்போது சொன்னால் அது பொய்.

அப்போதுதான் பால்ராஜின் மனைவி முத்துமாரி வந்து சேர்ந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தவள் வட்டத்தையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பவுடரை மிதித்துக்கொண்டு நேரே போய்க் கதவைத் திறந்து வண்டியில் ஏறினாள். உள்ளேயிருந்து அவள் சத்தம்தான் முதலில் கேட்டது.

“அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ஆணி குத்துன காலு, ஊசி போட்டுட்டு வாங்கன்னு சொன்னேன்ல? போறேன் போறேன்னு இழுத்தடிச்சீக. காலப் பாருங்க, எப்படி வீங்கிக் கெடக்கு! பொறவு நெறி கட்டாம என்ன செய்யும்?”

எதிர்ச் சாரியில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. “அட, ஆணி குத்துன காலாய்யா! இதுக்குப் போயி…” லோடுமேன்கள் ஒருவரை ஒருவர் “ஏலே, நீதானல மொதல்ல ஓடுன?” என்று கேலி செய்துகொண்டு வந்து கட்டைத் தூக்கினார்கள். ஒருவர் காலாலேயே பவுடர் வட்டத்தைக் கலைத்துவிட்டார். காதர் பாய் முகத்துத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் டீ சொன்னார். பால்ராஜுக்கு ஒரு காய்ச்சல் மாத்திரையும் வந்தது. கூட்டம் கலைந்தது, அந்தச் சுகாதார ஜீப்பை அதற்கப்புறம் ஒருவரும் தேடவில்லை. அப்பாடா என்று நானும் கிட்டங்கிப் படியில் உட்கார்ந்தேன்.

இங்கேதான் பிள்ளைகளே, நான் உங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். பயந்தபோது அந்த மனுஷனை எல்லோரும் விட்டு விலகினார்கள். பயம் தெளிந்தபோதும் எல்லோரும் விட்டு விலகினார்கள். அவரவர் வேலை அவரவருக்கு இருந்தது. முத்துமாரி மட்டும் பக்கத்தில் இருந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் வேலை இருந்தது. மேனேஜர் போனில் சிரித்தார். “பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். மாற்று டிரைவர் வந்ததும் வண்டியை அனுப்பு, பால்ராஜை வீட்டுக்குப் போகச் சொல்லு” என்றார். எனக்கு ஒப்பவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் பரவிய பேச்சு துறைமுகக் கேட்டுக்கு வராமலா இருக்கும்? நாளைக்கு லாரி போய் நின்றதும் “பிளேக் வண்டி” என்று ஒருவன் வாய் விட்டால், உள்ளே இருக்கிற அத்தனை தொழிலாளியும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான். மறைத்தோம் என்று ஆகிவிட்டால் அதற்குப் பிறகு நம் ஏஜென்சி சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. துறைமுகத்தில் இந்தக் காய்ச்சல் சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரைப் பிடிக்கப் பாய் கிட்டங்கிப் போனிலேயே உட்கார்ந்தேன். லைன் கிடைத்தால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் லைன் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது.

கடைசியில் டாக்டர் கிடைத்தார். ஒன்று விடாமல் சொன்னேன். காய்ச்சல், நெறிக்கட்டு, ஓடிய லோடுமேன்கள், ஆணி குத்திய கால். பொறுமையாகக் கேட்டார்.

“சரிம்மா. அந்த ஆளை டாக்டர் யாராவது பாத்தாங்களா?”

பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு தெருவே வேடிக்கை பார்த்த ஆளை, ஒரு டாக்டர்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு டாக்டர் பாத்துச் சொல்லட்டும், வண்டியை நாங்க விடுறோம்” என்றார்.

வண்டிக்காகத்தான் நான் எழுந்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் காட்டி ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் லாரியைக் கிளப்பலாம் என்ற அவசரத்தில்தான் பால்ராஜிடம் போனேன். முத்துமாரி டீயை ஆற்றி அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். டீ கடைவாய் வழியாக வழிந்து சட்டையில் இறங்கியது.

“வாயத் தொறங்கன்னா தொறக்க மாட்டேங்காரு அக்கா. கோவமா இருக்காரு போல” என்றாள்.

“பால்ராஜ், வாயைத் திறங்க பார்ப்போம்.”

அவர் என்னைப் பார்த்தார். திறக்க முயற்சி செய்கிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. பல்லுக்குப் பல் இறுகிக் கிடந்தது. சிரிப்பது மாதிரி உதடு இழுத்துக்கொண்டிருந்தது, கண்ணில் சிரிப்பு இல்லை. எங்கள் சர்ச் தெருவில் ஒரு தச்சர் அப்படிக் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கர்த்தாவே என்று கத்திவிட்டேன். “பாய்! காரை எடுங்க!”

காதர் பாய் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து காரை எடுத்தார். காலையில் ஓடிய லோடுமேன்களே பால்ராஜைத் தூக்கிக் கிடத்தினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தாடையைத் தொட்டுப் பார்த்தார், காலைப் பார்த்தார். “ரண ஜன்னி, டெட்டனஸ். உடனே மதுரைக்குப் போங்க” என்றவர், ஊசியைப் போட்டுக்கொண்டே, “எப்பருந்தும்மா இப்படி இருக்காரு? காலையிலயே கொண்டுவந்திருக்கலாமே?” என்று கேட்டார். காதர் பாய் என்னைப் பார்த்தார், நான் முத்துமாரியைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை.

பாய் தன் காரிலேயே அவர்களை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதே உடம்பு வில்லாக வளைய ஆரம்பித்துவிட்டது என்று பிறகு சொன்னார். நான் திரும்பி வந்து துறைமுக டாக்டருக்குப் போன் செய்து, இது ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் சொன்ன சொல் மாறாமல் வண்டியை விட்டார். சரக்கு கப்பல் ஏறியது. துறைமுகத்தில் ஒரு தொழிலாளிகூடப் பயப்படவில்லை, ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை. மேனேஜர் என்னை மெச்சிப் பேசினார், சம்பளமும் கூட்டிக் கொடுத்தார்கள்.

பால்ராஜ் மதுரைப் பெரியாஸ்பத்திரியில், வெளிச்சம் படாத ஒரு அறையில், சில நாள் கிடந்து இறந்துபோனார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு முத்துமாரி ராஜபாளையம் ஆபீசுக்கு வந்தாள். பால்ராஜிடம் இருந்த லாரியின் இன்னொரு சாவியைக் கொடுக்க வந்தாளாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவும் இல்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு, நிதானமாகத்தான் கேட்டாள்.

“அக்கா, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். அவியளுக்கு அந்தப் பிளேக்கே வந்திருக்கலாம்ல?”

“என்ன பேச்சு பேசுத முத்துமாரி?”

“இல்லக்கா. அதுன்னா ஜீப்பு வந்திருக்கும். டாக்டரு வந்திருப்பாரு. கப்பலுக்கு ஆகாதுன்னு நீங்களே ஓடி ஓடிப் பாத்திருப்பீக. ஆணின்னு நான் சொல்லவும் எல்லாரும் போயிட்டீகல்லா? நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, அவிய இருந்திருப்பாகளோன்னு தோணுது.”

நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கையை மெதுவாக எடுத்துக்கொண்டு போனாள்.

இத்தனை வருஷமாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.